‘ஆத்ம திருப்தி’க்கு வரைந்தது போதும்

வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் படம் வரைகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களில் ஒருவர் பத்துப் பதினைந்து படங்களைச் சேர்த்துவைத்து, “இதையெல்லாம் விற்கலாம்னு இருக்கேன்” என்று வாய் திறந்தால் போதும், அறிவுரை வந்து விழும். “உனக்கென்ன குறைச்சல்? மாசம் பிறந்தா சம்பளம். ஆத்ம திருப்திக்கு வரை. விற்க ஆரம்பிச்சா கலை போயிடும்.” சொல்கிறவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். மார்கழிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவர். பாடகர் காசு வாங்கினார் என்பதற்காக அன்றைய தோடி கெட்டுப்போனதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. படத்துக்கு மட்டும் இந்த மடி ஆசாரம்.

இந்தக் கருத்துக்கு ஒரு தம்பி உண்டு. அண்ணனைவிடத் தாராளமானவன். “சரி, வித்துக்கோ. ஆனா சாமான் செலவுக்கு மேல கேக்காதே. நீ என்ன ரவிவர்மாவா?” முதல் கருத்து விற்காதே என்கிறது, இரண்டாவது மலிவாக விற்கச் சொல்கிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே. பொழுதுபோக்காக வரைகிறவரின் படம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு விலையும் கிடையாது, அதனால் அவருக்குப் பொறுப்பும் கிடையாது. நான் நேர் எதிராகச் சொல்கிறேன். விற்பனைக்கென்று படத்தைத் தயார்செய்ய உட்காரும்போதுதான் அமெச்சூர் ஓவியர் முதன்முறையாகத் தன் படத்துக்குப் பொறுப்பேற்கிறார். நம்மூர் அமெச்சூர் ஓவியம் சோப்ளாங்கியாக இருப்பதற்குக் காரணம் தேடினால், விலையை யாரும் குற்றஞ்சாட்ட முடியாது. பெரும்பாலான படங்கள் விலை என்ற கட்டத்துக்கே வந்ததில்லை.

பேச்சு சூடேறினால் வான்கோவை இழுத்து வருவார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் விற்றது, அவர் விற்பனையைப் பற்றிக் கவலைப்பட்டாரா என்பார்கள். கவலைப்பட்டார், கடிதம் கடிதமாகக் கவலைப்பட்டார். 1882இல் ஹேக் நகரில் இருந்தபோது, ஓவிய வணிகரான அவருடைய சித்தப்பா நகரக் காட்சிகளாகப் பன்னிரண்டு பேனாச் சித்திரங்கள் கேட்டார். ஒன்றுக்கு இரண்டரை கில்டர் என்று பேசி வரைந்து கொடுத்தார் வான்கோ. தம்பி தியோ மாதாமாதம் அனுப்பிய பணத்தைத் தருமமாக வாங்கிக்கொள்ள மனம் ஒப்பாமல், அதற்கு ஈடாகத் தன் படங்களைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டதும் அவர்தான். ஊரறிந்த அந்த ஒரே படமான ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்குப் போனது. வாங்கிய ஆன்னா போக்கும் ஓவியர். மற்றப் படங்கள் விற்காமல் போனது வான்கோவுக்கு நேர்ந்த துயரம். அந்தத் துயரத்தைக் கொள்கையாக்கி அடுத்தவருக்கு உபதேசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது: உபதேசிக்கிறவர் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

வான்கோவிடம் அமெச்சூர் கற்க வேண்டியது வேறு ஒன்று. 1888இல் ஆர்ல் ஊரில் வரைந்த தன் படுக்கையறையின் சுவர்களை வெளிர் ஊதா என்று அவரே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இன்று அந்தச் சுவர்கள் நீலம். ஊதாவில் கலந்திருந்த சிவப்பு, வெளிச்சம் பட்டுப் பட்டுப் போய்விட்டது. அந்தக் காலத்துப் புதுச் சாயங்கள் நிலைக்காது என்று அவருக்கே தெரியும்; தெரிந்துதான் அழுத்தமாகப் பூசினார். மேதை தெரிந்தே எடுத்த துணிச்சல் அது. அந்தப் படங்களைப் பார்த்துக்கொள்ள அருங்காட்சியகமும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அண்ணா நகர் வரவேற்பறையில், பால்கனிக்கு எதிர்ச்சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

விலையும் பொறுப்பும் எப்படிச் சேர்ந்தே நடக்கும் என்பதற்கு ஜெர்மன் ஓவியர் டியூரரின் விவகாரம் ஒன்று இருக்கிறது. ஃபிராங்க்பர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர், தேவாலயப் பீடத்துக்கு ஒரு பெரிய படம் கேட்டார். பேசிய விலை 130 ஃபுளோரின். வேலை நடக்க நடக்க, இது கட்டாது, 200 வேண்டும் என்று டியூரர் எழுதினார். நீலத்துக்கு ஆகும் செலவைச் சொன்னார். சாதாரணப் படங்களாக வரைந்து தள்ளியிருந்தால் இதைவிடச் சம்பாதித்திருப்பேன் என்று புலம்பினார். கடைசியில் 200 வாங்கிவிட்டார். இவ்வளவு கறாராக விலை பேசிய அதே மனிதர், 1509இல் படத்தை அனுப்பியபோது, நல்ல வண்ணங்களால் அடுக்கடுக்காகப் பூசியிருக்கிறேன், சுத்தமாக வைத்துக்கொண்டால் 500 ஆண்டு புதுசாக இருக்கும் என்று உறுதி கொடுத்தார். கூடுதல் விலை கேட்ட வாய்தான் 500 ஆண்டுக்கு வாக்கும் கொடுத்தது. சாமான் செலவுக்கு வரைந்து கொடுப்பவரிடம் அப்படி ஒரு வாக்கைக் கேட்க முடியுமா? (அந்தப் படம் 1729இல் மியூனிக் அரண்மனைத் தீயில் போயிற்று. டியூரரின் வண்ணத்தின் மேல் பிழையில்லை.)

ஐரோப்பாவை விடுவோம். தஞ்சாவூர்ப் படம் வரைந்தவர்கள் பலகைக்கு ஒரு கணக்கு, தங்க ரேக்குக்கு ஒரு கணக்கு, கல்லுக்கு ஒரு கணக்கு என்று கைநீட்டிக் காசு வாங்கித்தான் சாமி படம் போட்டார்கள். வெள்ளைக்காரத் துரைகள் கேட்டபோது நம்மூர் ஜாதிகளையும் தொழில்களையும் ஜோடி ஜோடியாக வரைந்து விற்றார்கள். கோவில்பட்டியில் கொண்டையராஜு நாடகத் திரைச்சீலையும் பிறகு காலண்டர் படமும் வரைந்தது கூலிக்குத்தான். அவர் போட்ட முருகனை இன்றும் பூஜையறையில் வைத்துக் கும்பிடுகிறவர்கள், கலைக்கு விலை பேசினால் அது தீட்டுப்படும் என்று எந்த முகத்தோடு சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

எதிர்த்தரப்பிடம் ஒரு கனமான வாதம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. சோழமண்டலம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி அந்த ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பாடிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணம் அதற்குக் கைகொடுத்தது. பார்த்தீர்களா, வயிற்றுக்குத் துணி, மனசுக்கு ஓவியம் என்று அவர்களே பிரித்து வைத்தார்களே, சந்தை ஓவியத்தை வளைத்துவிடும் என்று பயந்ததால்தானே என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சந்தை வளைக்கும். வாஸ்துவுக்கு நல்லது என்று ஓடும் ஏழு குதிரைகளை ஒருமுறை வரைந்து விற்றவரிடம் அடுத்த ஆறு பேரும் அதே ஏழு குதிரைகளைத்தான் கேட்பார்கள். கண்ணை மூடிய புத்தர் முகம் இன்னொன்று. மாம்பலத்திலிருந்து மதுரைவரை எத்தனை வரவேற்பறையில் அந்தப் புத்தர் தூங்குகிறார்! ஆனால் சோழமண்டலத்துக்காரர்கள் தங்கள் ஓவியத்தை விற்க மறுத்தவர்கள் இல்லை. அங்கேயே காட்சிக்கூடம் கட்டி வைத்து விற்றார்கள். என்ன வரைவது என்பதை வாங்குகிறவர் தீர்மானிக்கக் கூடாது என்றுதான் பாடிக் துணியில் உழைத்தார்கள்.

அந்தச் சுதந்திரத்துக்கு அவர்கள் பாடிக் துணி விற்க வேண்டியிருந்தது. வங்கி ஊழியருக்கு அது மாதச் சம்பளமாக ஒன்றாம் தேதி வந்து விழுகிறது. “சம்பளம் வருதே, எதுக்கு விக்கிறே?” என்ற கேள்வி இங்கேதான் தலைகீழாகிறது. சம்பளம் வருவதால்தான் அவர் தைரியமாக விற்கலாம். ஏழு குதிரைகளுக்கு மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியும். வீட்டு வாடகை அதனால் நிற்காது. மான்செஸ்டர் பகுதியில் வீட்டு வாடகை வசூலிக்கும் வேலையை 1952இல் ஓய்வு பெறும்வரை பார்த்த எல்.எஸ். லௌரி, ஆலைப் புகைபோக்கிகளையும் வேலைக்குப் போகும் குச்சி மனிதர்களையும் மாலையில் உட்கார்ந்து வரைந்தார், விற்கவும் செய்தார். தன்னை ஞாயிற்றுக்கிழமை ஓவியன் என்று சொல்லிவிடுவார்களே என்று அந்த வேலையை வெளியே சொல்லாமல் மறைத்தார் என்பதுதான் வேதனை. அங்கேயும் அதே உபதேசிகள் இருந்திருப்பார்கள் போல.

இனி, தயார்செய்வது என்றால் என்ன என்று பார்ப்போம். விற்கும் எண்ணமே இல்லாதவர் எதில் வரைகிறார்? மாணவர்களுக்கான மலிவு டியூபில், ஸ்டேஷனரிக் கடை டிராயிங் ஷீட்டில். யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, கண்ணாடியோடு கண்ணாடியாக அழுத்தி ஃபிரேம் போட்டுவிடுகிறார். கொடுக்கும் நாளில் அழகாகவே இருக்கும். விலை வைத்து விற்கலாம் என்று முடிவெடுத்த அன்று அவருக்கு ஒரு கேள்வி வருகிறது: காசு கொடுத்து வாங்கியவர் ஐந்து வருஷம் கழித்துக் கூப்பிட்டு, “சார், சிவப்பைக் காணோமே” என்றால் என்ன சொல்வது? ஆத்ம திருப்திக்கு வரைந்த வரைக்கும் இந்தக் கேள்வி அவருக்கு வந்ததே இல்லை.

கேள்வி வந்ததும் டியூபின் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்குகிறார். அங்கேதான் சங்கதி இருக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நிறமிக்கு ஒரு குறியீடு உண்டு. பிபி29 என்றால் அல்ட்ராமரின், வெளிச்சத்துக்கு அசையாது. பிஆர்83 என்றால் அசல் அலிசரின் கிரிம்சன். ரோஜாவுக்கும் பட்டுப்புடவைக்கும் எல்லோரும் ஆசையாக எடுக்கும் சிவப்பு, மெலிதாகக் கரைத்துப் பூசினால் வெளிச்சத்தில் மங்கிவிடும். அதே சாயலில் நிலைக்கும் சிவப்புகள் இப்போது வேறு இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று இருந்தால் அந்தப் பெயருக்குரிய நிறமி அதில் இல்லை, அதேபோல் தெரியும் வேறொன்று இருக்கிறது. அது நல்லதாகவும் இருக்கலாம், குறியீட்டைப் பார்த்தால்தான் தெரியும். வெளிச்சத்தில் மங்காமைக்கான ஏஎஸ்டிஎம் தரத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். எதுவும் போடாத டியூபைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

டியூபை நம்பாதவருக்கு வெயில் இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் தன்னிடமுள்ள வண்ணங்களையெல்லாம் பட்டை பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டிவிட வேண்டியது. ஒரு கோடை முடிந்ததும் கறுப்புத் தாளை எடுத்தால் எந்த டியூப் யோக்கியம் என்று கோடு போட்டுக் காட்டும். ஒளிரும் வண்ணங்களும் ஸ்கெட்ச் பேனாவும் முதலில் சரணடையும். கலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள்?

மழைக்காலம் இன்னொரு பரீட்சகர். சென்னையில் ஒரு ஃபிரேம் கடையில் பழைய வாட்டர் கலர் படம் ஒன்றைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குளத்தங்கரையும் கோபுரமும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் இல்லை, மயிரிழை இடைவெளிகூட இல்லை. கடைக்காரர் கத்தியை மெல்ல நுழைத்துக் கண்ணாடியைத் தூக்கியபோது குளத்தில் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. வானம் முழுக்கத் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளிகள். திருப்பிப் பார்த்தால், பின்னால் வைத்திருந்த அட்டைப்பெட்டித் துண்டின் மடிப்புகள் காகிதத்தில் வரிவரியாக இறங்கியிருந்தன. “வரைஞ்சவர் நல்லா வரைஞ்சிருக்கார் சார்” என்றார் கடைக்காரர். “ஃபிரேமுக்கு நூறு ரூபா குறைச்சுப் போடுன்னு சொல்லியிருப்பார், போட்டுட்டாங்க.” அன்பளிப்பாகக் கொடுத்த படம் என்று படத்தைக் கொண்டுவந்தவர் சொன்னார். அன்பில் குறையில்லை. அமிலமில்லாத மவுண்ட் அட்டையும், பருத்திக் காகிதமும், பின்பக்கம் ஒழுங்காக மூடிய பலகையும் இருந்திருந்தால் கோபுரத்தோடு குளமும் மிஞ்சியிருக்கும்.

ஆயில் படத்தில் வேறு விதமான அவசரம். டிசம்பரில் கண்காட்சி, நவம்பர் கடைசியில் முடித்த படம். தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதற்காக வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது; மேலே தோல் கட்டிய பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொன்னது சும்மா இல்லை. அக்ரிலிக் சீக்கிரம் உலரும், ஆனால் நம்மூர் வெயிலில் இளகும். லாரியில் போகும் கேன்வாஸின் முகத்தில் பப்பிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் பட்டால், வாங்கியவர் வீட்டுக்கு அம்மைத் தழும்போடு போய்ச் சேரும். விற்பனைத் தேதியை வைத்துப் படத்தை அவசரப்படுத்துவது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்போது முடித்தேன், எப்போது வார்னிஷ் அடிக்கலாம் என்று தேதி குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கமே விற்கிறவருக்குத்தான் வருகிறது.

தம்பிக் கருத்துக்கு வருவோம்: சாமான் செலவு போதும். இதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு செய்கிறார்கள். யாருக்கு எதிரான அடக்கம் என்று யோசிப்பதில்லை. எழும்பூரிலோ கும்பகோணத்திலோ ஓவியக் கல்லூரியில் படித்து முடித்து, வேறு வருமானம் இல்லாமல் வரைந்து பிழைக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். பெங்களூரில் ஜனவரி மாதம் குமாரகிருபா சாலையை அடைத்துக்கொண்டு நடக்கும் சித்திரச் சந்தையில் அவனும் சம்பளக்கார அமெச்சூரும் பக்கத்துப் பக்கத்தில் படத்தைச் சாய்த்து வைக்கிறார்கள். அவன் எட்டாயிரம் சொல்கிறான். இவர், “எனக்கு என்ன போச்சு” என்று அதே அளவுப் படத்தை எண்ணூறுக்குக் கொடுக்கிறார். வந்தவர் எண்ணூறுக்கு வாங்கிக்கொண்டு, எட்டாயிரம் சொன்னவனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறார். இவருடைய அடக்கத்துக்கு அந்தப் பையன் பணம் கட்டுகிறான். அமெச்சூர் அடிமாட்டு விலைக்கு விற்பதைவிட விற்காமல் இருப்பதே மேல் என்றுகூட நான் சொல்வேன். இந்த ஒரு இடத்தில் அண்ணனோடு எனக்குச் சமாதானம்.

விலை எப்படி வைப்பது என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. தன் தரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு இத்தனை என்று ஒரு கணக்கு, அதோடு ஃபிரேம் செலவு. காட்சிக்கூடம் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்ளும் என்பதை முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து வாங்கினாலும் கூடத்தில் வாங்கினாலும் ஒரே விலை. படத்தைப் பிடித்துப்போய் இரண்டு பேர் கேட்டார்கள் என்பதற்காக ஏற்றவும் கூடாது, ஒருவரும் கேட்கவில்லை என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாகக் குறைக்கவும் கூடாது.

விலையைப் போலவே, ஒரிஜினல் என்ற பேச்சையும் விற்பனைதான் நேர்மையாக்குகிறது. ஆத்ம திருப்திக்கு வரைகிறவர்களில் கணிசமானோர் இணையத்தில் கிடைத்த யாரோ எடுத்த புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெயர்த்தெடுக்கிறார்கள். பழகுவதற்கு அது நல்ல வழி, ரவிவர்மாவைப் பார்த்து வரையாத கை எது? ஆனால் கீழே கையெழுத்துப் போட்டு, ஒரிஜினல் என்று சீட்டு ஒட்டி விற்க எடுத்தால் அந்தப் புகைப்படக்காரருடைய உரிமை வந்து நிற்கும். அப்போதுதான் பலர் முதன்முறையாகத் தங்கள் தெருவை, தங்கள் வீட்டு முற்றத்தை, தங்கள் அம்மா கீரை ஆய்கிற கோணத்தைப் பார்த்து வரைய உட்காருகிறார்கள். விற்றால் சொந்தக் கலை போய்விடும் என்றார்களே, எனக்குத் தெரிந்த சிலருக்குச் சொந்தக் கலை அங்கேதான் தொடங்கியது.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நீங்களாக வரைந்து விற்ற படத்தை வாங்கியவர் சுவரில் மாட்டலாம், பிறருக்கு விற்கலாம். அதைக் காலண்டராக அச்சடிக்கும் உரிமை எழுத்தில் கொடுத்தால் ஒழிய உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் காசு கொடுத்து, என் தாத்தா படத்தைப் போட்டுக்கொடு என்று சொல்லி வரையவைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை பதிப்புரிமை அவருக்கே போகும். இது தெரியாமல் ஆர்டர் எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே விற்கப் போகிறவர் ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடித்துக்கொள்ளட்டும். படத்தின் பெயர், அளவு, முடித்த வருஷம், எந்தக் காகிதம் அல்லது கேன்வாஸ், எந்த வண்ணம், வார்னிஷ் உண்டா, பதிப்புரிமை யாருக்கு, விலை என்ன என்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதே விவரம் படத்தின் பின்பக்கச் சீட்டிலும் இருக்கட்டும். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு படம் போட்டுக்கொடேன், உனக்கென்ன, நிமிஷத்துல வரைஞ்சிடுவே என்று பெரியப்பா கேட்பார். மறுக்க வேண்டாம், உறவு முக்கியம். அவருக்கும் ரசீது போடுங்கள். விலை ஒன்பதாயிரம், கழிவு ஒன்பதாயிரம், கையெழுத்து. படத்தைக் குளியலறைச் சுவருக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள் என்று கீழே ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள்.